நொட்டைக்காரர் தூங்கிப்போன நாற்காலி

பழைய மரச் சாமான் வியாபாரத்தில் அவருக்கு நொட்டைக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வீடு காலி செய்கிறவர்களைத் தேடிப்போய், அந்தக் காலத்துச் சாய்வு நாற்காலிகளைப் பார்த்துக் கடைக்கு வாங்கிக் கொடுப்பது அவர் வேலை.

முதலில் உட்காருவார். சாய்வார். நீளமான கைப்பிடிமேல் காலைத் தூக்கிப் போட்டுப் பார்ப்பார். அப்புறம் ஆரம்பிப்பார். "பிரம்பு தொய்ஞ்சு கிடக்கு. பின்னங்கால்ல பூச்சி அரிச்சிருக்கு. இந்த மெருகு நேத்து அடிச்சதுங்க." அவர் சொல்லச் சொல்ல விலை இறங்கும். வாங்க விருப்பமில்லாத நாற்காலியாக இருந்தால் ஒரு குறையும் சொல்ல மாட்டார். "அருமையான சாமான், பத்திரமா வெச்சுக்கோங்க" என்று புகழ்ந்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார். அவர் வாயால் பாராட்டு வாங்கிய நாற்காலி எதுவும் அந்த வீட்டை விட்டு நகர்ந்ததில்லை.

தொழிலில் வந்த பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டில் உப்பு கம்மி, வகிடு கோணல், ஜன்னல் திரை ஒரு பக்கம் தூக்கல் என்று மனைவியிடம் நொட்டை நொள்ளை சொல்லாத நாளே கிடையாது. அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளாமல் சிரிப்பாள். "வாங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் விலையைக் குறைக்கிறீங்களே" என்பாள்.

போன வருஷம் அவளுக்கு இதயம் பலவீனப்பட்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. சாய்ந்த மாதிரியே தூங்கட்டும் என்றார் டாக்டர். இவர் சுவரோரம் தலையணைகளை அடுக்கி அவளை உட்கார வைத்தார். தூக்கத்தில் அவள் சரிந்துவிடுவாள், மூச்சுத் திணறி எழுந்துகொள்வாள். தூக்கி நிமிர்த்தி வைக்க அவரும் எழுந்துகொள்வார். இப்படி இரண்டு பேருக்கும் தூக்கம் போயிற்று. ஆயிரம் பேருக்கு நாற்காலி பிடித்துக் கொடுத்தவருக்கு வீட்டுக்கு ஒன்று அமையவில்லை. நல்லதாக வந்ததையெல்லாம் கடை முதலாளி வண்டியோடு கடைக்குக் கொண்டுபோனார். மிஞ்சியவை முதுகை ஒடிக்கிற ரகம்.

அவளிடம் குறை சொல்வதையும் அவர் நிறுத்தியிருந்தார். நோயாளியிடம் போய் உப்பு, புளி என்று பேச மனம் வருமா? அவள் முடிந்த அளவுக்குச் சமைத்து எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்கு" என்றே சாப்பிட்டார். அவள் பேச்சு குறைந்துபோயிற்று. வியாதியின் அசதி என்று நினைத்துக்கொண்டார்.

அன்று அவர் போனது, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு. மகன் வீட்டோடு போய்விடப் போகிறாராம். அங்கே இந்த நாற்காலிக்கு இடமில்லையாம். கூடத்தில் மூட்டைகளுக்கு நடுவே அது கிடந்தது. கறுத்த மரம், உயரமான முதுகு, அகலமான கை. அவர் உட்கார்ந்தார். சாய்ந்தார். அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது வெயில் எதிர்ச் சுவருக்கு மாறியிருந்தது. எதிரே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து நர்ஸம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நொட்டைக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது.

"பிரம்பு கொஞ்சம் தொய்ஞ்சிருக்குங்க..."

"அதுலதானே இவ்வளவு நேரம் குறட்டை விட்டீங்க?" என்றார் நர்ஸம்மா.

அதற்குமேல் சொல்ல ஒரு குறையும் அகப்படவில்லை. இருந்திருந்தாலும் சொல்லத் தெம்பில்லை. "எனக்கு இது வேணும்மா. கடைக்கு இல்ல. வீட்டுல அவளுக்குப் படுத்தா மூச்சு முட்டுது" என்றார். விற்கிறவரிடம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை. நர்ஸம்மா கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார்.

"கழுத்துக்கு மட்டும் ஒரு சின்னத் தலையணை வைங்க. நீங்களும் எங்கயாவது படுத்துத் தூங்குங்க" என்று சொல்லி அனுப்பினார் அந்த அம்மாள்.

சாயங்காலம் நாற்காலி வீடு வந்து சேர்ந்தது. மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்தார். சாய்ந்தாள். அவர் பக்கத்தில் நின்றார். எத்தனையோ வீடுகளில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர்களின் நிலைமை அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

"கைப்பிடி ரொம்ப அகலம்" என்றாள். "பிரம்பு உறுத்துது. பழைய வாடை வேற."

அவருக்கு உயிர் வந்தது. பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கேட்டாள். "என்னைப் பத்தி மட்டும் இப்பல்லாம் ஒரு குறையும் சொல்றதில்லையே. எதுக்கெடுத்தாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்குங்கறீங்க. வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களோன்னு இருந்தேன்."

இவ்வளவு நாளும் பேச்சில்லாமல் அவள் கிடந்தது இதற்குத்தானா? தன்னை நினைத்து அவருக்கே வெறுப்பாக இருந்தது. நாற்காலியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"மத்தியானம் சாப்பாட்டுல உப்பே இல்ல" என்றார்.

"ம்."

"வகிடு எடுத்திருக்கற லட்சணத்தைப் பாரு. கோணல்."

"அப்புறம்?" என்றாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

திரை, தலையணை உறை, மாத்திரை டப்பாவைத் திறந்தே போடுவது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் எங்கேயோ அவள் தூங்கிவிட்டாள். மூச்சு சீராக வந்தது. அவர் சொல்வதை நிறுத்தவில்லை.