மூன்றாவது ஸ்டிரைக்கில் ஓடியவள்

அந்த வீடியோவில் நான் விழுவது உண்மைதான். மட்டையை வீசிய வேகத்தில் நானும் ஒரு சுற்றுச் சுற்றித் தொப்பென்று மண்ணில் உட்காருகிறேன். ஹெல்மெட் சரிந்து கண்ணை மறைக்கிறது. அதெல்லாம் நடந்ததுதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் வெட்டி எறிந்தார்கள். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஓசூரில், வண்டிகளுக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறேன். பிறந்தது பாரூர்ப் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்தவள். எங்கள் கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசராக இருந்த அக்கா, கல்லூரி நாட்களில் சாஃப்ட்பால் ஆடியவர். மேலிடத்தில் கேட்டுப் பெண்களுக்கென்று ஓர் அணியைச் சேர்த்தார். ஷிஃப்ட் முடிந்ததும் பார்க்கிங் பக்கத்துக் காலி இடத்தில் பயிற்சி. என் லைனில் பக்கத்து இருக்கைத் தோழியும் சேர்ந்தாள். அவள் கிருஷ்ணகிரிக்காரி. அவளுடைய வாப்பா குருபரப்பள்ளி ரோட்டோரத்தில் பழக்கடை வைத்திருக்கிறார். தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் ஓடினால் எங்களில் யாராலும் பிடிக்க முடியாது.

சாஃப்ட்பாலில் ஒரு விநோதமான விதி இருக்கிறது. மட்டையை மூன்று முறை வீசிப் பந்தைத் தவறவிட்டால் அவுட். ஆனால் மூன்றாவது பந்தைப் பின்னால் இருக்கும் கேட்சரும் பிடிக்காமல் விட்டுவிட்டால், அணியில் ஏற்கெனவே இரண்டு பேர் அவுட்டாகியிருக்கும் நிலையில், மட்டை வீசியவள் ஓடலாம். பந்து அவளை முந்திக்கொண்டு முதல் பேஸுக்குப் போய்ச் சேராதவரை அவள் அவுட் இல்லை. மைதானத்தைச் சுற்றி நாலு பேஸ்; நாலாவதான 'வீடு', மட்டை பிடிக்கும் இடமேதான், வந்து சேர்ந்தால் ஒரு ரன். முதலில் கேட்டபோது நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "மிஸ் ஆச்சா, ஓடு. புடிச்சாளா இல்லியான்னு நின்னு பாத்துகினு இருக்காத. ஓடிகினே பாரு" என்று சொல்லிச் சொல்லி ஓடவிட்டார். மட்டையை வேண்டுமென்றே காற்றில் வீசச் சொல்லி, உடனே ஓடச் சொல்லுவார். முட்டி வீங்கும் வரை அப்படி ஓடியிருக்கிறோம்.

கம்பெனிகளுக்கிடையே நடந்த போட்டியில் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கம்பெனி அணியோடு இறுதி ஆட்டம். கடைசி வாய்ப்பு. நாங்கள் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். இரண்டு பேர் அவுட். என் தோழி இரண்டாவது பேஸில் நின்றாள். மட்டை என் கையில்.

முதல் இரண்டு பந்தும் தவறின. மூன்றாவதற்கு என் பலத்தையெல்லாம் கூட்டி வீசினேன். படவில்லை. விழுந்தேன். எதிரணிப் பெண்கள் கையுறைகளை மேலே எறிந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நம்ம ஆட்களும் நாற்காலியை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது தோழியின் குரல் கேட்டது.

"ஓடு புள்ள! அவ புடிக்கல! ஓடு!"

கேட்சரின் காலில் பட்ட பந்து பின்சுவர் வரை உருண்டு போயிருந்தது. ஹெல்மெட்டைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடினேன். ஒரு ஷூ வழியிலேயே கழன்றுவிட்டது. முதல் பேஸில் ஆளே இல்லை. இரண்டாவதிலும் இல்லை, எல்லோரும் நடுவில் கூடிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். தோழி வீடு சேர்ந்துவிட்டாள். ஸ்கோர் சமம். அப்புறம்தான் அவர்களுடைய கோச் தலையில் அடித்துக்கொண்டு, "பால் எல்லி? பால் எல்லி?" என்று கன்னடத்தில் பந்து எங்கே என்று கேட்டுக் கத்தினார். கேட்சர் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து மூன்றாவது பேஸுக்கு எறிந்தாள். அது எல்லோர் தலைக்கும் மேலே பறந்து மைதானத்தின் கோடிக்குப் போனது. நான் வீட்டை மிதித்தேன். அவுட் இல்லை என்று நடுவர் இரண்டு கைகளையும் அகல விரித்தார். மூன்று பந்தையும் தவறவிட்ட நான் நாலு பேஸும் சுற்றி வந்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்திருந்தேன். அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினார். அத்திப்பள்ளிப் பெண்கள்கூட வந்து கை கொடுத்தார்கள்.

மறுநாள் கம்பெனியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அந்த வீடியோ வந்தது. எடுத்தவர் எச்.ஆர். பிரிவு அதிகாரி. நான் வீசுகிறேன், விழுகிறேன், ஒரு ஷூவோடு ஓடுகிறேன். அதோடு முடிந்தது. பின்னணியில் கழுதை கத்தும் சத்தம். மேலே, 'இந்த அக்காவுக்கு யாராச்சும் பேட் புடிக்கக் கத்துக் குடுங்கப்பா' என்று எழுத்து.

கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டிலிருந்து கழுதைச் சத்தம் வரும். கேன்டீனில் ஒருவன் தட்டை மட்டைபோல் வீசி விழுந்து காட்டினான். வீட்டுக்காரரும் டீக்கடையில் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நீ ஜெயிச்சது எனக்குத் தெரியும்ல? அப்புறம் என்னா?"

"உனக்குத் தெரிஞ்சா போதுமா? தெரிஞ்ச நீ ஏன் அவங்களோட சேந்து சிரிச்ச?"

அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

எச்.ஆர். அறைக்குப் போனேன். அதிகாரி நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதில் குறையில்லை.

"ஜாலியா எடுத்துக்கோங்க மேடம். எவ்ளோ பேர் பாத்திருக்காங்க தெரியுமா?"

"முழுசாப் போடுங்க சார். நான் வந்து சேந்தத போடுங்க."

"அது லெங்த்தா இருக்கும் மேடம். யாரும் பாக்க மாட்டாங்க. விழறதுதான் பாப்பாங்க."

அந்த வாக்கியத்தை அவர் சிரித்த முகத்தோடு சொன்னார். மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை நான் பார்த்த பார்வை எனக்கே பயமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஆண்டு விழாவில் எங்கள் அணிக்குக் கோப்பை தருவதாக அறிவித்தார்கள். நாங்கள் எழுந்து நின்றபோது, பெரிய திரையில் அதே வீடியோ ஓடியது. கழுதைச் சத்தத்தோடு. மண்டபமே சிரித்தது. மேடையில் இருந்த பெரிய மனிதர்களும் சிரித்தார்கள். தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள், மேடைப் பக்கம் அல்ல.

"வா புள்ள. இவங்க குடுக்கற கோப்பை நமக்கு வேணாம்."

நாங்கள் இரண்டு பேர்தான் போவோம் என்று நினைத்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தால் சூப்பர்வைசர் அக்காவோடு அணி முழுக்கப் பின்னால் வந்துகொண்டிருந்தது. உள்ளே மைக்கில் எங்கள் அணியை மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள். சிரிப்பு நின்றிருந்தது. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் மெயின் ரோடு வரை நடந்தோம். யாரும் அழவில்லை. கண்டபடி திட்டினோம், தமிழில், தெலுங்கில், கன்னடத்தில். நன்றாக இருந்தது.

பிறகு வீடியோவை நீக்கிவிட்டார்கள், ஆனால் அதற்குள் அது ஊரெல்லாம் போயிருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. விழாவிலிருந்து வெளியேறியதற்கு எங்களிடம்தான் விளக்கம் கேட்டார்கள். பயிற்சி செய்த இடம் லாரி நிறுத்தத் தேவை என்று அணியைக் கலைத்தார்கள். அக்கா வேறு பிளான்ட்டுக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு விழாவில் பெண்களுக்கு மியூசிக்கல் சேர் வைத்தார்கள். பேர் கொடுக்கச் சொல்லி அதே அதிகாரி எங்கள் லைனுக்கு வந்தார். நானும் தோழியும் வேலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.