வெடிக்காத குண்டும் வீட்டுக்காரரும்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்குக் கடல் என்றால் உயிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட்டின் ஹால் ஜன்னலைத் திறந்தால் கடலும் அதன் மேல் பாலமும் தெரியும். எங்களுக்குள் சண்டை என்று ஆரம்பித்தால் போதும், மனிதர் எழுந்து அந்த ஜன்னலுக்குப் போய்விடுவார். கையைக் கட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார். நான் அடுப்படியிலிருந்து பொரிந்து தள்ளுவேன். பதிலே வராது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, சாப்பிடலாமா என்று கேட்பார். கடற்படைக்காரராயிற்றே, லீவில் வந்தாலும் கடலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பாவம் என்று நானும் சோற்றைப் போடுவேன்.

அது கடல் மேல் உள்ள பாசம் இல்லை என்பது பாலத்துக்கு அக்கரையில் பாகான் டாலாமில் ஒரு கல்யாண வீட்டில்தான் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவருடைய உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் லூமுட் கடற்படைத் தளத்தில் ரோந்துக் கப்பலில் பீரங்கி சுட்டவர். பீரங்கி என்றதும் பினாங்குக்காரர்களுக்குக் கோட்டையில் வெள்ளைக்காரர்கள் ஏறி உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்ளும் பழைய இரும்புக் குழாய்தான் ஞாபகத்துக்கு வரும். அவரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு முழுக்க உங்களை விடமாட்டார். இருபது மில்லிமீட்டருக்குக் கீழே குழாய் இருந்தால் அது இயந்திரத் துப்பாக்கி, ஆள் பிடித்துச் சுடுவது. அறுபதுக்கு மேலே போனால் பெரிய பீரங்கி, ஒவ்வொன்றாக முழங்குவது. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் இவருடைய ஜாதி. முப்பது, நாற்பது மில்லிமீட்டர் குண்டுகளைத் தானாகவே உள்ளே இழுத்து, தானாகவே சுட்டு, வெறும் பித்தளைக் கூட்டைத் தானாகவே வெளியே துப்பிக்கொண்டே இருக்கும். அதைத் தானியங்கிப் பீரங்கி என்பார்கள். அவர் 'நாற்பது' என்றுதான் சொல்வார், வீட்டில் ஒரு பிள்ளையைச் சொல்வதுபோல.

எல்லாம் தானாக நடந்தால் நீங்கள் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். ஊட்டுவதற்கு என்றார். குண்டுகள் நாலு நாலாக ஒரு கிளிப்பில் கோத்து வரும். ஒரு கிளிப்பைத் தூக்கினால் பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிய மாதிரி இருக்குமாம். இரண்டு பேர் இரு பக்கமும் நின்று அதை மேலிருந்து பீரங்கியின் வாயில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடிக்குள் நாலும் போய்விடும், அடுத்த கிளிப் வேண்டும். கல்யாணப் பந்தியில் நெய்ச்சோறு பரிமாறியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். சத்தத்தில் அவருடைய இடது காது பாதி போயிற்று. இப்போதும் ஏதாவது ரகசியம் சொல்வதென்றால் வலது பக்கம் போக வேண்டும். மற்றபடி, காது நன்றாகத்தான் கேட்கிறது என்று எல்லோரிடமும் உரக்கச் சொல்வார்.

இத்தனை குண்டுகளையும் எதன் மேல் சுட்டார் என்றால், துணி மேல். விமானம் ஒன்று நீளக் கயிற்றில் சிவப்புத் துணிப்பையைக் கட்டி வானத்தில் இழுத்துக்கொண்டு போகும். இவர்கள் கீழேயிருந்து அதைச் சுட வேண்டும். வருஷக் கணக்கில் சுட்டார்கள். ஒரே ஒரு நாள் பை கழன்று கடலில் விழுந்தது. கப்பலில் ஒரே கொண்டாட்டம். பிறகு எடுத்துப் பார்த்தால் பையில் ஓர் ஓட்டையும் இல்லை, கயிறுதான் அறுந்திருந்தது. துணியைக் குறிவைத்துக் கயிற்றை அறுத்த வீரர் என்று நான் சொன்னால், கயிறு பையைவிட மெல்லிசு, அதைச் சுடுவதுதான் கஷ்டம் என்பார். மனிதர்கள் மேல் சுட வேண்டிய நிலை ஒரு நாளும் வரவில்லை. அதற்காக நான் மாதாவுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகளின் கணக்கு அவருக்குத் தெரியாது.

ஓய்வு பெற்றபோது கூட இருந்தவர்கள் ஒரு வெற்றுப் பித்தளைக் கூட்டைத் துலக்கி, மரப்பலகையில் நிறுத்திப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒரு முழ உயரம் இருக்கும். நான் அதில் இறைச்சி குத்திச் சுடும் சத்தே குச்சிகளைப் போட்டு வைத்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சத்தே சுட்டபோது அவரே எழுந்து போய் அதிலிருந்து குச்சி எடுத்து வந்தார்.

பாகான் டாலாம் கல்யாணத்துக்கு வருகிறேன். அவரோடு அதே பீரங்கியில் ஊட்டிய அண்ணன் ஒருவர் எங்கள் மேஜையில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில், சில சமயம் குண்டு சுடாமலே மாட்டிக்கொள்ளும் என்றார். விசையை அழுத்தியாகிவிட்டது, குண்டு உள்ளே போயாகிவிட்டது, ஆனால் சத்தத்தையே காணோம். அப்போது ஆத்திரப்பட்டுத் திறந்து பார்க்கக் கூடாதாம். உள்ளே நெருப்பு மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கலாம், திறந்த நேரம் பார்த்து வெடித்தால் ஆள் போய்விடுவான். அதனால் குழாயை ஆளில்லாத கடல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, யாரும் கிட்டே போகாமல், வாயை மூடிக்கொண்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு திறந்தால் ஒன்றும் ஆகாது.

நான் மெதுவாகத் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ரொம்ப அக்கறையாக ரசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

வீடு வந்து சேர்வதற்குள் பாலத்தின் மேலேயே விசாரணையை முடித்துவிட்டேன். ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். கோபம் வந்தால் வாயில் ஏதாவது வந்துவிடும், வந்துவிட்டால் திருப்பி எடுக்க முடியாது, அதனால் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிவிட்டு அரை மணி நேரம் நிற்கிறேன் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வெடிக்காத குண்டு நானா, அவரா என்று கேட்டேன். அதற்கும் ஜன்னல் பக்கம் போயிருப்பார், ஸ்டியரிங்கைப் பிடித்துக் காடி ஓட்டிக்கொண்டிருந்ததால் தப்பித்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. அப்பா ஜன்னலில் நின்றால் அரை மணி நேரம் ஒன்றும் கேட்கக் கூடாது என்று மகளும் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டாள். அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. பரீட்சையில் மார்க் குறைந்தால் ரிப்போர்ட் கார்டை நீட்டிவிட்டு, கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நேரம் முடிந்ததும் அவரே வந்து, சரி, அடுத்த முறை பார்க்கலாம் என்பார். ஒரு நாளும் கத்தினதில்லை. அதற்குத்தான் நான் இருந்தேன்.

போன வருஷம் துறைமுகத்துக்குக் கடற்படைக் கப்பல் ஒன்று வந்து பொதுமக்களை உள்ளே விட்டார்கள். மூன்று பேரும் போனோம். முன்பக்கம் முப்பது மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது, பக்கத்தில் ஆளே இல்லை. உள்ளே குளுகுளு அறையில் ஒரு பையன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கையளவு குச்சியைத் திருப்பினால் வெளியே குழாய் திரும்பியது. குண்டுகள் பெல்ட்டில் தாமாகவே ஏறுகின்றன. குண்டு சுடாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று இவர் கேட்டார். இது மோட்டாரில் ஓடுகிறது அங்கிள், சுடாத குண்டை அதுவே வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைச் சுட்டுக்கொண்டே போகும் என்றான் பையன். இவர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், காத்திருக்கத் தெரியாத பீரங்கி என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். மகள் பின் சீட்டில் உட்கார்ந்து சிரித்தாள்.

இந்த வருஷம் அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்தவளை ஸ்வீடனில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. இவருடைய 'நாற்பது' பீரங்கி பிறந்த நாடும் அதுதான். அந்த நாட்டின் இரும்பு என்ன, வேலைப்பாடு என்ன என்று இத்தனை வருஷமாக வேளாங்கண்ணியைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த ஊர்க்காரர்கள் தன் பிள்ளையைக் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, நண்டுக் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தபோது சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும், போகட்டுமா அப்பா என்று கேட்டாள். அவர் கையைக் கழுவிவிட்டு ஜன்னலுக்குப் போனார். நாங்கள் இருவரும் சாப்பிட்டு முடித்தோம். அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரமும் ஆயிற்று. திரும்பி வந்தவர் டிவியைப் போட்டார்.

திங்கள் போய்ச் செவ்வாய் வந்தது. மீன் விலையைப் பேசினார், லிஃப்ட் பழுதானதைப் பேசினார், காடிக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்றார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அவள் கிட்டே வந்தால் எழுந்து கடல் பக்கம் போய்விடுவார். மேஜையில் அப்பாவும் மகளும் சாப்பிடும்போது கரண்டிச் சத்தம்தான் கேட்டது. என் வீடு எப்போதும் சத்தமாக இருந்து பழகியது. அந்த நாலு நாளும் எனக்குப் பயமாகவே இருந்தது.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் அவள் என்னிடம் வந்தாள். அழுகிற மாதிரி இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பாவுக்கு இஷ்டமில்ல மா. அர மணி நேரத்துக்கு மேல அவர் எப்பவும் நின்னதில்ல. பரவால்ல லா, நான் வேணாம்னு மெயில் போட்டுடுறேன். இங்கயும் வேலை இருக்குதானே."

சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெற்ற பிள்ளை ஒரு கேள்வி கேட்டுவிட்டு நாலு நாளாகக் காத்திருக்கிறாள், இவர் கடலுக்குக் காவல் காக்கிறார். கத்தலாம் என்று போனேன். கத்தினால் இன்னும் ஒரு வாரம் நிற்பார் என்று தோன்றியது. எதைக் கேட்டால் இவர் வாய் திறப்பார் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பொறி வைக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. ஏதாவது பேசட்டும், பேச்சு வந்துவிட்டால் அங்கிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். வலது காதுப் பக்கம் போய் நின்றேன்.

"என்னங்க, குண்டு மாட்டிக்கிச்சுன்னா எப்பவுமே காத்திருக்கிறதுதானா? எல்லா நேரத்துக்கும் ஒரே சட்டந்தானா?"

முகம் மலர்ந்துவிட்டது. நாலு நாளாகக் கல்லாக இருந்தவர் முழுதாகத் திரும்பிக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"அப்படிக் கெடையாது. அது கொழாயப் பொறுத்தது. கொழாய் ஆறியிருந்தா காத்திருக்கணும். நெறைய சுட்டு, கொதிக்கிற கொழாயில மாட்டிக்கிச்சுன்னா காத்திருக்கக் கூடாது லா. சுத்தி இருக்கிற சூட்டுலயே உள்ள இருக்கிறது தானா வெடிச்சிடும். ஒடனே தொறந்து வெளிய எடுத்துடணும். லேட் ஆக ஆக..."

அங்கே பேச்சை நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்த நேரங்கள் குறைவு. அவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"உள்ள என்ன பண்றா?" என்று கேட்டார்.

"வேணாம்னு மெயில் எழுதுறா."

அத்தனை வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. கதவைத் தட்டக்கூட இல்லை, திறந்துகொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்திருந்தாள். எழுதி முடித்துவிட்டாள், இன்னும் அனுப்பவில்லை.

"அனுப்பாத," என்றார். "வேணாம்னு சொல்லத்தான் எனக்கு ஆசை. வாயத் தொறந்தா அதான் வரும்னு தெரியும். அதான் பேசல. அது ஆறும்னு பார்த்தேன், ஆறல. நீ போ மா."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீங்க எப்படிப்பா இருப்பீங்க?" என்று கேட்டாள்.

அம்மா இருக்கிறாளே, வீட்டில் சத்தத்துக்கு என்ன குறை என்றார். வேறு நாளாக இருந்தால் அதற்கு நல்ல பதில் வைத்திருப்பேன்.

அவள் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு வேறு எழுதினாள். ஆங்கிலத்தில் நாலு வரி. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டுத் தலையசைத்தார். அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுப்பா."

"இனிமே திருப்பி எடுக்க முடியாதில்ல?"

"முடியாது."

"நல்லது," என்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே அழுதார்.