அண்டாவை உருட்டிப் போன ஞாயிற்றுக்கிழமை

காஞ்சிபுரத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் என் சொந்தக்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் நான் அண்டாக்காரர். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, காரியம் எதுவானாலும், சமைக்கவும் பரிமாறவும் வேண்டிய பாத்திரங்களை வாடகைக்குக் கொடுக்கிறவன்.

எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணமே, எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னதுதான் என்று என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அதை மறுத்துப் பேசவும் எனக்கு வரவில்லை. ஆனால் பாத்திர வாடகைக்குப் பேச்சு தேவைப்படாது. எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று வந்தவர் சொல்வார். எந்த அண்டா, எத்தனை குண்டான், எத்தனை கரண்டி என்று என் கை எடுத்து வைத்துவிடும். விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு போய் எடுத்து வந்துவிடுவேன். பல வருஷம் இப்படித்தான் ஓடியது.

கெடுத்தது என் மச்சான். என் மனைவியின் தம்பி. அவனுக்கு என்னைப் பெரிய ஆளாக்கிப் பார்க்க ஆசை.

"வெறும் அண்டாவ வெச்சிக்கினு எத்தினி நாளைக்கு மாமா? ஊரே மாறிப் போச்சு" என்றான்.

சாமியானா வாங்கினோம். நாற்காலி வாங்கினோம். பிறகு மேடை, சீரியல் லைட், ஜெனரேட்டர். அதற்கும் பிறகு புகை கக்குகிற மெஷின், சோப்பு நுரை ஊதுகிற மெஷின். கடைசியில் 'பேக்கேஜ்' என்ற வார்த்தை வந்தது. அது வந்த அன்றைக்கே என் தூக்கம் போயிற்று. பேக்கேஜ் என்றால் பேச வேண்டும். மேடை என்ன கலர் என்று பெண் வீட்டாரிடம் பேச வேண்டும். அவர்கள் ஒரு கலர் சொன்னதும் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச வேண்டும். முகூர்த்தப் புடவைக்கு மேடை பொருந்த வேண்டும் என்பார்கள். சரி, புடவையைக் காட்டுங்கள் என்றால், "அது இன்னும் தறியிலதான் இருக்குது, அறுத்ததும் காட்டறோம்" என்பார்கள். அதுவரை நான் எந்தத் துணியைக் கட்டுவது?

போன் விடிந்ததிலிருந்து அடிக்கும். மணி அடித்தாலே அதைத் துணி மூட்டைக்கு அடியில் தள்ளிவிட ஆரம்பித்தேன். எங்கள் கிடங்கில், பெரிய அண்டாக்களை அடுக்கி வைத்திருக்கிற மூலையில் சிக்னல் கிடைக்காது என்பதை ஒருநாள் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து அங்கே போய் ஒரு குண்டானைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். என் மனைவி ஒருநாள் தேடிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இன்னாங்க, நீங்க பாத்திரத்த எண்றீங்களா, பாத்திரம் உங்கள எண்ணுதா?"

டாக்டரிடம் கூட்டிப் போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது அவளே சொன்னாள்: "ஒண்ணுமில்லன்றாரு. ஒண்ணுமில்லாததுக்கு இத்தினி மாத்திர எழுதியிருக்காரு."

வைகாசியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மண்டபத்து வாசலில் நின்றேன். உள்ளே மேடை வேலை நடந்துகொண்டிருந்தது. நான் எதற்கு வந்தேன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எதுவுமே மனதில் இல்லை. அப்படியே நடந்து வந்து, எதிரே நின்ற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"தெரியலன்னா கடைசி ஸ்டாப்பிங் குடுத்துடறேன், அதுக்குள்ள ஞாபகம் வந்தா எறங்கிக்கோ" என்றார். நல்ல மனுஷர்.

கடைசி நிறுத்தம் செவிலிமேடு. ஞாபகம் எதுவும் வரவில்லை. நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய வீட்டில் குடியிருக்கும் ஒரு தம்பி பைக்கை நிறுத்தினான். கல்யாண ஈவென்ட் செய்கிறவன். மண்டபங்களில் பார்த்திருக்கிறேன்.

"அண்ணா, இங்க யார் வீட்டு ஃபங்ஷன்?"

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். என் முகத்தைப் பார்த்து அவனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான், மொத்தத்தையும் தன்னிடம் கொடுத்துவிட முடியுமா என்று. மேடை, நாற்காலி, லைட், ஜெனரேட்டர், கிடங்கு, கடையின் போன் நம்பர், எல்லாம்.

"பாத்திரம்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்போ கேட்டரிங்காரங்களே எடுத்துட்டு வந்துடறாங்கண்ணா. எடைக்குப் போட்டுடலாம். ஆடி முடியறதுக்குள்ள சொல்லுங்க. ஆவணி முகூர்த்தத்துக்கு நான் இறங்கணும்."

நான் தலையை ஆட்டினேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க தலையாட்டலுக்கு எனக்கே அர்த்தம் புரியல. அந்தப் புள்ளைக்கு ஒரே டீல புரிஞ்சிப் போச்சா?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "விக்கறதுன்னா வித்துடுங்க. எனக்கு நீங்க நல்லா இருந்தா போதும். ஆனா வித்துட்டு இன்னா பண்ணப் போறீங்க? காலையில எதுக்காவது எழுந்துக்கணும் இல்ல?"

பாயை விரித்துப் படுத்தேன். தூங்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. தூக்கமும் வரவில்லை.

ஆடி பிறந்தது. கல்யாணம் கிடையாது. வேலை செய்கிற ஆட்கள் தங்கள் ஊர்த் திருவிழாவுக்கு முசரவாக்கம் போய்விட்டார்கள். எடைக்கு எடுக்கிறவர் ஒரு திங்கட்கிழமை வந்து பாத்திரங்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், இரண்டு தெரு தள்ளி இருக்கிற நெசவுக்காரத் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். வீட்டில் இரண்டு தறி, தெரு அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுவது ஆண்டுதோறும் அவர் பொறுப்பு.

"நாளைக்குக் கூழு. வழக்கமா குடுப்பீங்களே, அந்த அண்டா" என்றார்.

காட்டினேன். மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் அதே அம்மா ஓட்டமும் நடையுமாக வந்து நின்றார்.

"இன்னா அண்டாக்காரரே! அண்டா ஒழுவுது! நொய்யி பாதி வெந்துக்கினு இருக்குது, தண்ணி எறங்கி அடுப்பே அவிஞ்சிடும் போலருக்குது. போன் பண்ணா எடுக்க மாட்டீங்களா?"

கிடங்கில் இன்னொரு பெரிய அண்டா இருந்தது. ஆனால் தூக்க ஆள் இல்லை. வண்டிக்காரர் ஐயம்பேட்டைக்குச் சவாரி போயிருந்தார். ஷேர் ஆட்டோவை நிறுத்தினோம். டிரைவர் அண்டாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாராவது ஒருத்தருதான் ஏற முடியும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் அண்டாவைச் சாய்த்து, தெருவில் உருட்டத் தொடங்கினேன்.

வாழ்க்கை முழுதும் சத்தம் போடாமல், ஓரமாக நடந்து பழகியவன் நான். அண்டாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இரண்டு பக்கமும் வளையம் வேறு. சுற்றுக்குச் சுற்று கல்லில் அடித்து, கோயில் மணி மாதிரி ஊரைக் கூட்டியது. அது மட்டும் இல்லை. அண்டா நேராக உருளாது. வாய்ப்பக்கம் குறுகல் என்பதால் ஒரு பக்கமாகவே திரும்பும். நான் தெருவில் போக நினைத்தால் அது வரிசையாக ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போனது. அந்த அம்மா முன்னால் நடந்துகொண்டு, "இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்! அது யாரு வூட்டுக்குப் போறீங்க?" என்று வழி சொன்னார்.

தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"அண்டா ஓடிப் போவுதா, பிடிக்கணுமாபா?"

"இல்ல இல்ல, வாக்கிங் கூட்டிக்கினு போறாரு."

"பொண்ணு பாக்கப் போவுது போலருக்குது, நல்லா தேய்ச்சிருக்காரு."

எனக்கு முகம் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு உருட்டினேன். குனிந்துகொண்டு உருட்டியதால் மறுபடியும் ஒரு வீட்டு வாசலில் போய் முட்டியது. கடைசியில் லுங்கி கட்டிய இரண்டு பேர் சிரித்துக்கொண்டே வந்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

கோயில் வாசலில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. உருட்டி வந்த அண்டாவைக் கழுவி ஏற்றி, வெந்துகொண்டிருந்த அரிசி நொய்யை வாளி வாளியாக மொண்டு மாற்றினோம். பிறகு புளிக்க வைத்த கேழ்வரகுக் கரைசலை ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் கட்டி தட்டிவிடும். நான் கிளம்பலாம் என்று திரும்பினேன். அந்த அம்மா நீளத் துடுப்பை என் கையில் வைத்தார்.

"எங்க ஓடறீங்க? ஒழுவற அண்டா குடுத்ததுக்கு இதான் தண்டனை. கட்டி தட்டுச்சுன்னா மொத சொம்பு உங்களுக்குத்தான் ஊத்துவேன்."

கிண்டினேன். பெண்கள் சுற்றி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டும் பேசினார்கள். பாதிப் பேச்சு என்னைப் பற்றித்தான். என்னிடம் யாரும் பதில் எதிர்பார்க்கவில்லை. அது எவ்வளவு சுகம் என்று எனக்குத்தான் தெரியும். கூழ் கெட்டிப்பட்டுத் துடுப்பு நகராமல் போனபோது, "தண்ணி போதாது" என்றேன்.

பேச்சு சட்டென்று நின்றது.

"அய்ய, பேசறாருடி!" என்றார் ஒருவர். "இத்தினி வருசமா ஊமைன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"வாய் இருக்குதுன்னு தெரிஞ்சிப் போச்சி இல்ல, இனிமே வாடகைய கொறைக்கச் சொல்லிக் கேளு" என்றார் இன்னொருவர்.

சிரிப்பை அடக்க நான் குனிந்து அண்டாவுக்குள் பார்த்தேன். கழுத்து வரை கூழ். மேலே கொப்புளம் வந்து வந்து உடைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. என் அண்டா ஒன்று நிறைந்து நான் பார்த்ததே இல்லை. கடையிலிருந்து காலியாகப் போகும், மண்டபத்திலிருந்து காலியாக வரும். அடியில் ஒட்டிய பருக்கையைச் சுரண்டியிருக்கிறேன். அது எந்தச் சாம்பாராக இருந்தது, யார் சாப்பிட்டார்கள் என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இத்தனை வருஷம் தொழில் செய்தவனுக்கு இது தெரியாமல் போனது எனக்கே வேடிக்கையாக இருந்தது. கை வலித்தது. ஆனால் துடுப்பை வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. ஒருவர் வாங்க வந்தபோது கொஞ்சம் கோபமாகவே பார்த்துவிட்டேன்.

பூசை முடிந்தது. சொம்பு, தூக்கு, பிளாஸ்டிக் வாளி என்று தெரு வரிசையில் நின்றது. ஊற்றும் வேலையும் என்னிடமே வந்து சேர்ந்தது. தலை நிமிராமல் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்டாக்காரரே, எனக்கு ஒரு கரண்டி சேத்து ஊத்துங்க."

நிமிர்ந்தால் என் மனைவி. கையில் யாரிடமோ வாங்கிய சொம்பு.

"கடைய தெறந்து போட்டுட்டு எங்க போனாருன்னு தேடிக்கினு வந்தா, ஊரே சொல்லுது, அண்டா பின்னாடி போனாருன்னு" என்றாள். பிறகு சொம்பை நீட்டினாள். சேர்த்து ஊற்றினேன். பின்னால் நின்றவர் சண்டைக்கு வந்தார்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தவன் விளக்கு வைக்கும் வரை தூங்கினேன். மாத்திரை போடவில்லை.

திங்கட்கிழமை எடைக்காரரும் ஈவென்ட் தம்பியும் ஒன்றாக வந்தார்கள். என் மனைவி எனக்காகப் பேச வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவளுக்கு ஆச்சரியம்.

"பாத்திரம் குடுக்கல தம்பி. பாத்திரம் வெக்கறதுக்குக் கிடங்குல பாதி எனக்கு. மத்ததெல்லாம் நீ எடுத்துக்கோ."

"நம்பர் மட்டும் கண்டிப்பா வேணும்ணா. கஸ்டமர் எல்லாம் அதுலதான்..."

"அதத்தான் மொதல்ல எடுத்துக்கோ."

"அப்புறம் உங்களுக்கு?"

"வேணும்னா வந்து கூப்புடுவாங்க."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். எடைக்காரர் தராசைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். மச்சான் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அந்தத் தம்பியிடமே மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்துவிட்டான். புகை மெஷினை விட்டுப் பிரிய அவனால் முடியவில்லை.

வியாபாரம் சுருங்கித்தான் போயிற்று. ஆள் வராத நாளும் உண்டு. அந்த நாட்களில் உட்கார்ந்து எந்தப் பாத்திரத்தில் ஓட்டை என்று பார்க்கிறேன். ஒழுகினதை ஈயம் வைத்து அடைக்க அனுப்புகிறேன். ஆள் வந்தால் ஒரே ஒரு நிபந்தனை சொல்கிறேன். அண்டாவை நானே கொண்டு வந்து வைப்பேன், நிறைகிற வரை நிற்பேன்.

சமையல்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தன்று ஒருவர் என்னை வைத்துக்கொண்டே உதவியாளிடம் கேட்டார். "இவரு பாத்திரம் குடுக்க வந்தாரா, நம்மள வேவு பாக்க வந்தாரா?" நான் நகரவில்லை. சாம்பார் கொதித்து ஏறியதும் அவரே அலுத்துப்போய் ஒரு இலையைப் போட்டு, "உக்காரு, துன்னுட்டாவது போ" என்றார். சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். என் மனைவி வாங்கி மோந்து பார்த்தாள்.

"முள்ளங்கி சாம்பாரா? நல்லா இருந்துதா?"

தலையை ஆட்டினேன்.

"அப்போ நான் ஆக்கி வெச்சிக்கினு இருக்கறத யாரு துன்றது?"

பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு முறை சாப்பிட உட்கார்ந்தேன்.