கொக்கி எங்கே போடுவது?

மணலில் மாட்டிய வண்டியை வெளியே இழுப்பது பலசாலியின் வேலை என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மையில் அது பயந்தாங்கொள்ளியின் வேலை. கொள்ளிடத்தில் ஒரு தரமாவது வண்டியை இறக்கிவிட்டு, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே போவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

ஐம்பதுகளில் புத்தூரில் எனக்கு ஒரு ஷெட் இருந்தது. யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த மிலிட்டரி லாரி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதன் மூக்கில் ஒரு வின்ச், அதாவது கம்பி ரோப்பைச் சுற்றி இழுக்கும் டிரம். ஸீட்டில் உட்கார்ந்து அதை ஓட்டுவது நான். மாட்டிய வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய்க் கொக்கி பார்த்து மாட்டுவது என் மனைவியின் தம்பி செல்லத்துரை. ரோப்பையும் வண்டியையும் சேர்த்துப் பூட்டும் சாமானுக்கு ஷேக்கிள் என்று பெயர். லாடம் மாதிரி வளைந்த இரும்பு, திறந்த வாய்க்குக் குறுக்கே ஒரு பின். அது உடைந்தாலும் சரி, அதை மாட்டிய இடம் பிய்ந்தாலும் சரி, முறுக்கேறிய ரோப் வந்த வழியே திரும்பி வரும். நடுவில் நிற்பது யார் என்று அது பார்க்காது.

கரூர் ரோட்டில் இன்னொருவர் லாரியில் இப்படி நடந்து, ஒரு கிளீனருக்கு இரண்டு காலும் போனதை நானும் செல்லத்துரையும் கண்ணால் பார்த்தோம். அதை வீட்டில் வந்து சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து லாரியைக் கிளப்பும்போதெல்லாம் என் மனைவி வாசலுக்கு வந்து சொல்வது ஒன்றுதான்: "வண்டி வந்தா வருது, வராட்டி போவுது. என் தம்பி முழுசா வரணும்."

முதலில் வந்தது பம்பர்

ரோடு கான்ட்ராக்டர் ஒருவரின் ஜீப் கொள்ளிடத்தில் அச்சுவரை இறங்கியிருந்தது. செல்லத்துரை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சேஸிஸ் கொக்கியைத் தேடி மணலைத் தள்ள ஆரம்பித்தான். வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்கக்கூடியது சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அதன்மேல் போல்ட் போட்ட அலங்காரம். கான்ட்ராக்டருக்குப் பொறுமை இல்லை. "எதுக்குங்க வெட்டிக்கிட்டு? முன்னாடி இத்தாம் பெரிய பம்பர் இருக்கே, அதுல மாட்டுங்க. நான் பார்க்காத வண்டியா?" என்று கத்தினார். வாதாடிப் பார்த்துவிட்டு, சரி, பட்டால்தான் புரியும் என்று விட்டுவிட்டேன். எல்லோரையும் தூரப் போகச் சொல்லி, ரோப் துள்ளாமல் இருக்க அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு, மெதுவாக இழுத்தேன்.

வந்தது பம்பர் மட்டும். மணலில் புரண்டு வந்து என் முன் சக்கரத்தில் மோதி நின்றது. பிறகு, யாரும் தொடாமல், காற்றுகூட அடிக்காமல், அந்த ஜீப் தானாக இன்னொரு சாண் உள்ளே இறங்கியது. இறங்கும்போது அடியிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார்: "மூச்சு விட்டுச்சுங்க. என் காதால கேட்டேன்."

சிவப்புக் கோடு

ஸ்ரீரங்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஐயங்கார் ஒருவரின் ஜீப் வாய்க்கால் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இந்தத் தடவை சேஸிஸ் கொக்கி கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தது, ஆனால் என் ஷேக்கிள் அதற்குப் பெரிது. பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். கொக்கிக்குள் ஒழுங்காக உட்காராத ஷேக்கிள் பக்கவாட்டில் இழுபட்டு வாய் பிளந்துவிடும். அவர் உடனே வீட்டுக்கு ஆள் அனுப்பித் தன்னிடம் இருந்த ஷேக்கிளை வரவழைத்தார். அளவெல்லாம் கச்சிதம். ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அதற்குத் திருமண் காப்பு சாற்றி வந்திருக்கிறார்கள். வெள்ளை கனமாகப் படிந்து, நடுவில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

எந்த ஷேக்கிளையும் சுத்தமாகத் துடைத்து, வெறும் இரும்பைப் பார்க்காமல் மாட்டக் கூடாது என்பது எங்கள் சட்டம். செல்லத்துரை தயங்கித் தயங்கித் துணியை எடுத்தான். "திருமண்ணை அழிக்காதேயும்! அபசாரம்!" என்று அவர் பதறினார். நானே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாங்கித் துடைத்தேன். வெள்ளை எல்லாம் போயிற்று. சிவப்புக் கோடு மட்டும் போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகம் உள்ளே போயிற்று. அது நாமத்துக்கு நடுவில் இடுகிற ஸ்ரீசூர்ணம் இல்லை. இரும்பு பாதிக்குமேல் வெடித்து, வெடிப்பிலிருந்து துரு கசிந்து கசிந்து, பூசின வெள்ளைக்கு மேலே வந்திருந்தது.  அவர் அதை வாங்கி வெடிப்பின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "பெருமாள் கோடு போட்டுக் காட்டிண்டே இருந்திருக்கார். நாங்கதான் வருஷா வருஷம் அதுக்கு மேலேயே சாத்திண்டிருந்திருக்கோம்" என்றார்.

கைக்குக் கிடைத்த வளையம்

வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று கொள்ளிடத்தைக் கடக்கும்போது மூக்குக் குப்புற இறங்கிவிட்டது. முன்பக்கம் தண்ணீருக்குள்ளே, ஒன்றும் தெரியாது. தடவிப் பார்த்துத்தான் கொக்கி போடவேண்டும். செல்லத்துரை கழுத்தளவு கலங்கலில் உட்கார்ந்து, கையை அடியில் விட்டுத் துழாவினான். திடீரென்று அவன் முகம் மலர்ந்தது. "மாமா, தடியா ஒரு வளையம் இருக்கு. ஆட்டினா அசையவே மாட்டேங்குது. இப்படி ஒரு எடம் இதுவரைக்கும் கெடச்சதே இல்ல" என்றான். ஷேக்கிள் அதில் பொருந்தி உட்கார்ந்ததாம். பின்னைக் கடைசிவரை முறுக்கி, கம்பியால் கட்டிவிட்டு வெளியே வந்தான்.

இழுத்தேன். வாழைத்தார் லாரி அசையவில்லை. ஆனால் ரோப் வந்துகொண்டிருந்தது. வின்ச் சுற்றுகிறது, ரோப் குறைகிறது, எதிரே லாரி அப்படியே நிற்கிறது. எது வருகிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. லாரியின் மூக்குக்கு அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. முதலில் ஒரு வளையம், பிறகு ஓர் இரும்பு அச்சு, அதோடு சேறு வழிய ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தின் பட்டை எல்லாம் கரைக்கு வந்தன. மரம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அச்சில் சுற்றிக்கொண்டு மாட்டின் கழுத்து மணிகள் வந்தன, ஒரு ஜோடி மாட்டுக்கு உள்ளவை.

செல்லத்துரை தன் கையைப் பார்த்தான், வேட்டியில் துடைத்தான், மறுபடியும் பார்த்தான். அன்று முழுவதும் அந்தக் கையால் அவன் சாப்பிடவில்லை. லாரியோடு வந்திருந்த வாழைத்தோட்டக்காரர் மட்டும் பதறாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மணிகளைப் பார்த்துக் கும்பிட்டார். "நமக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அவங்க கரையேறட்டுங்க, அப்புறம் நம்ம வண்டியைப் பார்ப்போம்" என்றார்.

எழுந்து போன நாய்

பொன்மலைக்காரர்கள் சிலர் வேனில் ஆற்றுக்குக் குளிக்க வந்து மாட்டிக்கொண்டார்கள். நாங்கள் போவதற்குள் அவர்களே தங்கள் ஷேக்கிளைக் கொக்கியில் பூட்டித் தயாராக வைத்திருந்தார்கள். செல்லத்துரை எட்டிப் பார்த்துத் தலையாட்டினான். நானும் துடைத்துப் பார்க்கும் சட்டத்தை மறந்து இழுக்க ஆரம்பித்தேன். ரோப் விறைக்கும்போது அதிலிருந்து மெல்ல ஒரு ரீங்காரம் வரும், அது வழக்கம்தான். அன்று நிழலில் படுத்திருந்த கரை நாய் ஒன்று காதை நிமிர்த்தியது. எழுந்தது. எங்களைத் திரும்பியும் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாக மேடேறிப் போய்விட்டது. எனக்கு ஏனோ கை ஓடவில்லை. வின்ச்சை நிறுத்தி, ரோப்பைத் தளர்த்தச் சொன்னேன்.

ஷேக்கிளின் பின் எப்போதோ தொலைந்துபோய், அதற்குப் பதிலாகச் சாதாரண போல்ட் ஒன்றைப் போட்டுத் தலையில் கிரீஸ் தடவி வைத்திருந்தார்கள். அது வில்லாக வளைந்து, முறிவதற்கு ஒரு நூல் பாக்கி இருந்தது. வேன்காரர்கள் சிரித்தார்கள், நாய்க்குப் பிஸ்கட் வாங்கிப் போடலாம் என்றார்கள். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் சிரிக்கவில்லை. "அது சும்மா எந்திரிச்சுப் போவாதுங்க. போன தடவை போனப்ப நாங்க யாரும் கவனிக்கல" என்றார்.

ஒரு குரல்

மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் புதிதாக மணல் லாரி வாங்கியிருந்தார். முதல் நடையிலேயே அது கொள்ளிடத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முக்கொம்பு அணையில் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள் என்று கரையில் ஒருவன் தண்டோரா போட்டுக்கொண்டிருந்தான். பட்டப்பகல், நல்ல வெயில். மேற்கே பார்த்தால் வெள்ளை மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே வந்தது. தண்ணீர் வருகிற சத்தம்கூட இல்லை.

முன்பக்கம் இரண்டு கொக்கிகள். இரண்டுக்கும் சங்கிலி போட்டு, நடுவில் ஷேக்கிள் பூட்டி இழுத்தால்தான் பாரம் பாதி பாதியாகப் பிரியும். மணலை வெட்டி ஒரு கொக்கியை வெளியே தெரிய வைத்துவிட்டான் செல்லத்துரை. இன்னொன்று ஆழத்தில் கிடந்தது. "மாப்ளே, போதும், வெளிய வா! ஒண்ணுலயே இழுத்துப் பாப்போம்" என்று கத்தினேன். லாரியைவிட அவனை அந்தப் பள்ளத்திலிருந்து மேலே ஏற்றுவதுதான் எனக்கு அவசரமாக இருந்தது. அவன் ஷேக்கிளைப் பூட்டிவிட்டு, ரோப்பை விட்டு நன்றாக விலகி, ஒரு மணல்மேட்டில் ஏறிச் சைகை காட்டச் சிவப்புத் துண்டோடு நின்றான். அவனுக்குப் பின்னால் ஜவுளிக்கடைக்காரர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வின்ச்சைப் போட்டேன்.

கொக்கி வேரோடு பிய்ந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது கண்ணாடிக்கு முன்னால் காப்புக்காகக் கட்டியிருந்த கம்பி வலை குழிந்து என் மூக்குக்கு நேரே நின்றதுதான். கை கால் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்கினேன். எனக்கும் செல்லத்துரைக்கும் நடுவில் இருந்த மணலில், ஏர் உழுததுபோல ஆழமாக ஒரு கோடு. அதற்கு அந்தப் பக்கம் அவன் துண்டும் கையுமாக நின்ற இடத்திலேயே முழுசாக நின்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜவுளிக்கடைக்காரர் மூச்சிரைக்க வந்தார். தண்ணீரோடு போகப்போகிற லாரியைப் பற்றி அவர் பேசவில்லை. "செல்லத்துரைங்கிறது யாருங்க?" என்று கேட்டார். ஏன் என்றேன். "நீங்கதானே லாரியிலேர்ந்து கூப்பிட்டீங்க, 'செல்லத்துரை, இங்க வா'ன்னு? பிச்சுக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி?"

நான் வாயையே திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அந்த எஞ்சின் சத்தத்தில் மேட்டுக்குக் கேட்டிருக்காது. கல்யாணமான நாளிலிருந்து இவனை நான் மாப்ளே என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் பெயர் சொன்னதில்லை. செல்லத்துரையைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தரம் கூப்பிடும்வரை திரும்பக் கூடாது, கூப்பிடுவது மனிதராக இல்லாவிட்டால் மூன்று தரம் கூப்பிடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்ப்பார்கள். "ஒனக்கும் கேட்டுச்சா?" என்றேன். அவன் என்னை, ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "ரெண்டு தரம் கூப்பிட்டுது மாமா, அச்சு அசல் உங்க கொரல். மூணாவதுக்கு வாயெடுக்கறதுக்குள்ள கொக்கி பிச்சுக்கிச்சு."

சேஸிஸைப் பார்த்து மாட்டி, ஷேக்கிளைத் துடைத்துப் பூட்டி, ஈரச் சாக்கைப் போட்டு, ஆளை ஒதுக்கி நிறுத்திவிட்டால் இந்தத் தொழிலில் பயப்பட ஒன்றுமே இல்லை என்று யார் கேட்டாலும் தைரியமாகச் சொல்கிறேன். மாப்பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் மட்டும் இன்றைக்கும் எழுந்து போய்த் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுகிறேன்.