கம்பளிக்குள் ஒரு கேன் எண்ணெய்

தை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. காலை ஆறு மணிக்குப் பழனி பஜாரில், காய்கறி ஏற்ற மலைக்குப் போகும் வேனில் நானும் அன்வர் பாயும் ஏறினோம். எங்கள் கால்களுக்கு நடுவே ஐந்து லிட்டர் கேன். பாய் முறுக்கும் மிக்சரும் போட்டு விற்பவர். கல்லூரிக் காலத்திலிருந்தே என் சிநேகிதர். பொரித்து மிஞ்சிய பாமாயிலைச் சாக்கடையில் ஊற்ற மனமில்லாமல், அதில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து பயோடீசல் செய்யக் கற்றிருக்கிறார். மண்ணெண்ணெயோடு பாதிக்குப் பாதி கலந்தால் திரி அடுப்பில் எரியும். அவர் வீட்டில் எரிந்ததை நானே பார்த்தேன்.

"என்ன பாய், வண்டிக்குள்ள முறுக்கு வாசம் தூக்குது? பொட்டலத்தப் பிரிங்க, ஆளுக்கு ரெண்டு திம்போம்" என்றார் டிரைவர். பாய் கேனைக் காட்டினார். டிரைவரின் முகம் தொங்கிப்போனது.

கொடைக்கானல் அறுபத்து நான்கு கிலோமீட்டர். அங்கே தேநீர் குடித்துவிட்டு, பூம்பாறைக்கு மேலும் பதினெட்டு. வளைவுகளில் என் வயிறு பட்ட பாட்டை எழுதப்போவதில்லை.

பூம்பாறையில் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருப்பவர் பாண்டியம்மாள். பாயிடம் மிக்சர் வாங்கி விற்பவர். புகையில் உட்காரவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம், விறகு அடுப்பே கதி என்று இருக்கும் டீக்கடைக்காரரிடம்! கடைக்கான சிலிண்டர் விலை அவருக்குக் கட்டாது. ரேஷன் மண்ணெண்ணெய் எப்போதாவதுதான் வரும்; அது போதாமல் அவருடைய திரி அடுப்பு மூலையில் கிடந்தது.

"இந்த அடுப்பு சரிப்பட்டா கடை இருக்கும் பாய். இல்லேன்னா பூட்டிட்டு, அடுத்தவுக காட்டுக்குக் கூலிக்குப் போயிர வேண்டியதுதான்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சாயங்காலம் பாய் அவரிடமிருந்த மண்ணெண்ணெயோடு எங்கள் எண்ணெயைக் கலந்து அந்தத் திரி அடுப்பில் ஊற்றினார். திரி பிடித்தது. புகை பேருக்குத்தான் இருந்தது. திரி சீக்கிரம் கருகும், அடிக்கடி கத்தரிக்க வேண்டும் என்பதையும் பாய் ஒளிக்காமல் சொன்னார். அடுப்பையும் கேனையும் கடையிலேயே வைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போனோம்.

விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உறைபனி. கேனுக்குள் எண்ணெய் நெய்யாக உறைந்து கிடந்தது. அடுப்பிலும் திரியில் எண்ணெய் ஏறவில்லை. முதல் பஸ் வந்து நின்றது. பாண்டியம்மாள் விறகை அடுக்கி ஊதினார். இருமிக்கொண்டே டீ ஆற்றினார். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

"பழனி வெக்கையில இது ஒரு நாளும் இப்படி ஆகலையேம்மா" என்றார் பாய்.

"தேங்கா எண்ணெயே இங்க கல்லாக் கெடக்கு. பாமாயிலு மட்டும் ஓடுமா பாய்?" என்றார் பாண்டியம்மாளின் கணவர் முருகேசன். கொஞ்ச நிலத்தில் பூண்டு பயிரிடுகிறவர். பாய், பாண்டியம்மாள், நான் என்று மூன்று பேர் தலையிலும் சாயங்காலமே ஏன் அது ஏறவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாய் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாண்டியம்மாள்தான் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு நா இருங்க பாய். நாளைக்கு வெள்ளனே வாங்க."

மறுநாள் நாங்கள் போனபோது முருகேசன் கடை வாசலில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "இருந்தது ஒரே கம்பளி. அதையும் இந்தம்மா கேனுக்குச் சுத்தி, பச்சப்பிள்ளையாட்டம் கட்டிப்பிடிச்சுத் தூங்குது. நான் ராத்திரி பூரா வெறைச்சுக் கெடந்தேன்."

உள்ளே பாண்டியம்மாள் கேனைச் சாய்த்தார். தேன் நிறத்தில் எண்ணெய் மடமடவென்று இறங்கியது. அதில் மண்ணெண்ணெயைக் கலந்து, துடைத்து வைத்திருந்த அடுப்பில் ஊற்றித் திரியைப் பற்றவைத்தார். பஸ் வந்தது. டிரைவர், கண்டக்டர், கேரட் மூட்டைக்காரர்கள் என்று கூட்டம் கூடியது. அத்தனை பேருக்கும் டீ ஆற்றி முடிக்கும்வரை அவர் ஒரு தடவைகூட இருமவில்லை. பாய் வெளியே போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்துவிட்டேன்.

"வெரசா குடிங்க, ஆறிப்போகும்" என்று என்னிடம் டம்ளரை நீட்டினார் பாண்டியம்மாள்.

"தினமும் இப்படியேவா?"

"பனி மாசிவரைக்கும்தான். அப்புறம் அவுகளுக்குக் கம்பளி கெடைக்கும்."

மதுரையில் என் வீட்டு அடுப்பு குமிழைத் திருப்பினால் எரிகிறது. அதற்காக நான் ஒரு ராத்திரியும் குளிரில் கிடந்ததில்லை. அந்த நினைப்பு இப்போதெல்லாம் காலைக் காப்பியோடு வந்துவிடுகிறது.

அடுத்த வாரம் அதே வேனில் இரண்டாவது கேன் மலையேறியது. கூடவே ஒரு புதுக் கம்பளியையும் பாய் ஏற்றிவிட்டார். "இது முருகேசனுக்கு. கேனுக்குன்னு குடுத்துராதே" என்று டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னாராம்.