கொண்டைக்கடலை வீசிய விமானம்

மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சும் பசையின் கசப்பு வாடை, சுவரொட்டி ஒட்டுகிற இடத்தைக் கடந்தால் இன்றும் என் மூக்கில் ஏறும். ஏறியதும் நினைவுக்கு வருவது நான் செய்த விமானம் அல்ல, என் அண்ணன் ரவியின் அசட்டுச் சிரிப்புதான்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் செம்பாக்கத்தில் இருந்தோம். பக்கத்துத் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போகும்போதெல்லாம் தெருப் பையன்கள் "டாட்டா" காட்டிக்கொண்டு ஓடுவார்களே தவிர, சக்கரம் எப்படி மடங்கி உள்ளே போகிறது என்று பார்க்க ஒருவனுக்கும் தோன்றாது. நான் பார்த்தேன். பதின்மூன்று வயதில் அவர்கள் எல்லாரிடமும் எனக்கு இளக்காரம் இருந்தது. அதைக் குறைத்துக்கொள்ள இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

மேற்குத் தாம்பரத்துப் "பழைய பேப்பர்" கடையில், இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசிய நாலு இன்ஜின் விமானத்தை மேலிருந்தும் பக்கவாட்டிலும் வரைந்த படம் ஒன்று கிடைத்தது. கடைக்காரர் அதைச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டே, "இன்னாம்மா, அண்ணனுக்கா? நல்லாப் படிக்கிற புள்ள போல கீது" என்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அம்மா சேர்த்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அந்தப் பசையால் ஒட்டி உடம்பும் இறக்கையும், அப்பாவின் கால் எக்ஸ்ரேயைச் சுரண்டிக் கண்ணாடி ஜன்னல்களும், ஊசிமருந்து பாட்டிலின் ரப்பர் மூடிகளில் சக்கரங்களும் செய்து, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைப் பூசி முடிக்க நாலு மாதம் ஆயிற்று. வயிற்றில் குண்டு விழுவதற்கான இரட்டைக் கதவு வைத்தேன். வால் வழியாக வரும் கறுப்பு நூலை இழுத்தால் திறக்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை. ரவியின் பங்கு, ஒருமுறை தடுக்கி விழுந்து வாலை மிதித்ததுதான்.

நவராத்திரிக்கு அம்மா அதைக் கொலுவுக்குப் பக்கத்தில் மணல் கொட்டிப் போட்ட "பார்க்"கில் நிறுத்தினாள். வந்தவர்களெல்லாம், "ரவி செஞ்சானா? என்ன பொறுமை!" என்று வியந்தார்கள். அவன் மறுக்காமல் தலையைச் சொறிந்து சிரித்தான். அம்மாவிடம் முறையிட்டேன். "பொம்பளைப் பிள்ளை குண்டு போடுற பிளேன் செஞ்சுதுன்னா கேக்க நல்லாவா இருக்கு? போய்ச் சுண்டல் குடு" என்றாள். இதைச் செய்தது இவள்தான் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்றிருந்தது எனக்கு.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை எதிர்வீட்டு அங்கிள். விமான மெக்கானிக், வேலை தெரிந்தவர். அவர் வருகிற அன்று கதவுக்குள் கொண்டைக்கடலையை நிரப்பி வைத்தேன். அவர் விமானத்தைத் தூக்கிப் பார்த்து, "பாம் டோர் திறக்குமாடா?" என்றார்.

"இல்ல அங்கிள், சும்மா கோடு போட்டது" என்றான் ரவி.

நூலை இழுத்தேன். செட்டியார் பொம்மையின் தலையில் கடலை பொலபொலவென்று கொட்டியது.

"படவா, என்கிட்டயே மறைக்கிறியா?" என்று அங்கிள் ரவியின் முதுகில்தான் தட்டினார். விமானத்தை அவன் கையில் கொடுத்து, ஓரத்தில் நான் நிற்க, போட்டோவும் எடுத்தார். சுண்டலை வீணாக்கியதற்கு எனக்குத் திட்டு விழுந்தது. விமானம் பழுது பார்ப்பவருக்கே கண் அவ்வளவுதான் என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்!

இன்று அந்த வீடு இல்லை, பேப்பர் கடை இல்லை. கல்யாணப் பத்திரிகைகூட போனில்தான் வருகிறது, வெட்டுவதற்கு அட்டை ஏது? வீடு மாறியபோது விமானமும் போயிற்று. அந்தப் போட்டோ மட்டும் மிஞ்சியது. போன வாரம் ரவி அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, "சின்ன வயதில் என் கைவேலை" என்று எழுதியிருந்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் கேளம்பாக்கத்திலிருந்து அவன் மகள் போன் செய்தாள். "அத்தை, அந்தப் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். பிளேன் வால்லேர்ந்து ஒரு நூல் வருது. அது ஏன் உங்க விரல்ல சுத்தியிருக்கு?"

எங்கள் குடும்பத்தில் பார்க்கத் தெரிந்த ஒருத்தி பிறக்க இத்தனை வருஷம் ஆயிருக்கிறது.