மந்தாரம் போட்ட மாதங்கள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. மனசு கேட்காமல் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு, பஸ் பிடித்து ராஜபாளையம் வந்தால் – வீட்டு வாசல் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. உள்ளே லைட் இல்லை. டேபிளில் என் வீட்டுக்காரரின் செல்போன். செருப்பைக் காணோம்.

'வெளியே போயிருப்பார், அதுக்கென்ன?' என்பீர்கள். பங்குனி, சித்திரையாக இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இது கார்த்திகை...

அவர் மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. தெருமுனையில் பேசினால் அடுப்படியில் கேட்கும். தீபாவளி கழிந்ததும் அந்தத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பகலெல்லாம் படுக்கை. பாதிச் சாப்பாடு. மேற்கே மலை, மேகம் மூடி மந்தாரம் போட்டால் நாலு மணிக்கே எங்கள் வீட்டுக்குள் இருட்டு. போன வருஷமும் இப்படித்தான். ரிட்டயர் ஆன வெறுமை என்று நினைத்தேன். மாசியில் தானாகச் சரியானார். நானும் மறந்துபோனேன்.

இந்த வருஷம் பதினோரு நாளாக வெயிலே இல்லை. யாரிடம் சொல்ல? பிளவக்கல் அணை நிரம்பிவிட்டது என்று பஸ்ஸே சந்தோஷப்படுகிறது. மழைக்கு ஏங்குகிற ஊரில், 'மழை பெய்தால் எங்க வீட்டுக்காரருக்கு மனசு சரியில்லை' என்றால் சிரிக்க மாட்டார்களா?

ஞாயிற்றுக்கிழமை, சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்: "என்னத்துக்கு இருக்கோம்னே தெரியல ஏட்டி."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரசம் ஊத்தவா?" என்றேன்.

பயம் வந்தால் நாம் எல்லோரும் ரசம்தான் ஊற்றுகிறோம்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்கா – வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் – என் முகத்தைப் பார்த்ததுமே "அய்யோ தேவுடா, என்னம்மா ஆச்சு?" என்றார். சொன்னேன். "சார் இப்பத்தான் கண்மாய்ப் பக்கம் போனாரு..."

கண்மாய். மறுகால் பாய்கிற அளவுக்குத் தண்ணீர்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தூறலில், ஐம்பத்தாறு வயசில். பின்னாலேயே அக்கா. வழியில் யாரோ "என்ன டீச்சர்?" என்று கேட்டார். நான் டீச்சர் இல்லை என்று சொல்லக்கூட மூச்சு இல்லை.

கரையில் உட்கார்ந்திருந்தார். முழுசாக. உயிரோடு.

அக்கா தள்ளியே நின்றுகொண்டார். நான் ஈரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கவே கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டேன்.

"ஏங்க... செத்துரலாம்னு நெனச்சீகளா?"

தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்:

"நெனச்சேன். இன்னைக்கு இல்ல. முந்தாநாள்."

முந்தாநாள். ஞாயிற்றுக்கிழமை. நான் ரசம் ஊற்றிய நாள்.

"பொறவு போனை ஏன் வச்சிட்டு வந்தீக?"

"அதுல சார்ஜ் இல்லட்டி."

அழுகிறேனா, சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"மேக்க வானம் லேசா வெளுத்த மாதிரி தெரிஞ்சுச்சு. வெயில் எட்டிப் பாக்குமான்னு வந்தேன். வரல..." என்றார். பிறகு, "வீட்டுல தனியா இருக்கப் பயமா இருக்கு. எனக்கே என்னைய நம்ப முடியல. அதான் கதவக்கூடச் சாத்தாம வந்துட்டேன்."

அவரைப் பார்த்து நான் பயந்துகொண்டிருந்தேன். அதே வீட்டில், அதே ஆளைப் பார்த்து, அவரும் பயந்துகொண்டிருந்திருக்கிறார்! ஆளுக்கொரு மூலையில்.

மறுநாள் காலையிலேயே மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயசுப் பெண். என்னை விட்டுவிட்டு அவரிடமே பேசினார். "வெளிச்சம் குறையிற மாசங்கள்ல சிலருக்கு இப்படி வரும் சார். சோம்பேறித்தனம் இல்ல, வியாதி. மருந்து இருக்கு." மாத்திரை. விடிந்ததும் வெளிச்சத்தில் நடை. கொஞ்ச நாளைக்குத் தனியே விடக்கூடாது. அந்த நினைப்பு திரும்ப வந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே வரவேண்டும்.

"நான் அப்படிக் கேட்டது தப்பா டாக்டர்? இல்லாத நினைப்பை நானே கிளப்பி விட்டுட்டேனோன்னு..."

"நீங்க கேட்டதாலதான் அவர் இங்க உக்காந்திருக்கார்."

இப்போது லீவில் இருக்கிறேன். மாத்திரை வேலை செய்ய நாளாகுமாம். நேற்று ஒரு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்; அவ்வளவுதான் முன்னேற்றம். பாத்ரூமில் இரண்டு நிமிஷம் கூடினால் "ஏங்க!" என்று குரல் கொடுக்கிறேன். "இருக்கேன்" என்கிறார். அந்த ஒரு வார்த்தை வரும்வரை எனக்கு மூச்சு ஓடுவதில்லை. மாசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்கவும் பயம்.

இதையெல்லாம் பத்திரிகையில் நான் எழுதுகிற பத்தியில் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன்.

"எழுது... நம்ம வீட்டுல மட்டுமா இருட்டுது?"